சாப்பிட்டாச்சா என்பது ஒரு கேள்வியா?



இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். மணி அடித்த பிறகும் பாடம் நடத்துகிற டீச்சர்தானே நான், உங்களுக்குத் தெரியாததா? முடிந்தவர்கள் இப்போதே படியுங்கள். வேலை இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு படியுங்கள்.

போன மாதம் ஒரு நாள் காலை பத்தரை மணி இருக்கும். ஒரு கல்லூரியில் சமூகப்பணி படிக்கும் இரண்டு பெண்பிள்ளைகள் எங்கள் தெருவில் வீடு வீடாக வந்தார்கள். 60 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் கேள்வித்தாள் நிரப்பி வாங்க வேண்டுமாம். தலைப்பு, முதியோரின் தனிமை. அருப்புக்கோட்டை வெயில் உங்களுக்குத் தெரியும். முகம் வாடி நின்ற பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, காபி போட்டுக் கொடுத்தேன். ஒரு பிள்ளை பேனாவைத் திறந்தது. முதல் கேள்வி: "தாங்கள் தனிமையாக உணர்கிறீர்களா? ஆம், இல்லை, சில நேரங்களில்."

நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "இல்லைம்மா" என்றேன். டிக் விழுந்தது. மீதி 11 கேள்விகளுக்கும் இதே கதைதான். எனக்கென்ன குறைச்சல், பென்ஷன் வருது, பிள்ளைகள் நல்லா இருக்காங்க, டிவி இருக்கு, கோயில் இருக்கு என்ற ரீதியில் பதில் சொல்லி ஆறே நிமிடத்தில் முடித்து அனுப்பிவிட்டேன்.

அவர்கள் போன பிறகு டம்ளர்களைக் கழுவினேன். மூன்று டம்ளர். கழுவிக் கவிழ்க்கும்போதுதான் உறைத்தது, ஒன்றுக்கு மேல் டம்ளர் கழுவி எத்தனை நாளாயிற்று என்று. அவர் போய் வருகிற தையோடு மூன்று வருஷம் ஆகிறது. "பொய் சொல்லக் கூடாது" என்று 35 வருஷம் உங்களுக்கெல்லாம் சொன்னவள், ஆறு நிமிடத்தில் 12 பொய் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

படுத்துக்கொண்டே யோசித்தேன். பொய் சொன்னது நான்தான். ஆனால் பொய் சொல்லச் சொல்லிக் கேட்டது அந்தக் கேள்வி. முன்பின் தெரியாத 20 வயதுப் பிள்ளையிடம், காபி ஆறுவதற்குள், "ஆமாம், நான் தனிமையில்தான் இருக்கிறேன்" என்று எந்தத் தாய் சொல்வாள்? அப்படிச் சொன்னால் பிள்ளைகள் கவனிக்கவில்லை என்று ஆகிவிடாதா?

கேள்வி கேட்பது என் தொழில். அதனால் எனக்கு இது கௌரவப் பிரச்சினையாகிவிட்டது.

ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்குத் தேர்வும் மதிப்பீடும் என்று ஒரு பாடம். அதில் இரண்டு சொற்களை மனப்பாடம் செய்யவைத்தார்கள். நம்பகத்தன்மை, ஏற்புடைமை. அப்போது பரீட்சைக்காகப் படித்தேன். வகுப்பில் நின்ற பிறகுதான் புரிந்தது. ஒரே கத்தரிக்காயை இரண்டு முறை தராசில் வைத்தால் இரண்டு முறையும் ஒரே எடை காட்ட வேண்டும். அது நம்பகத்தன்மை. தராசு எடையைத்தான் காட்ட வேண்டும், நிறத்தைக் காட்டக் கூடாது. அது ஏற்புடைமை. மூன்றாம் வகுப்புக்கு ஒரு வழிக்கணக்கைக் கடினமான தமிழில் எழுதிவிட்டால், அது கணக்குப் பரீட்சை அல்ல, தமிழ்ப் பரீட்சை. கணக்கு தெரிந்த பிள்ளையும் அதில் முட்டை வாங்கும். உங்களில் சிலர் அப்படி வாங்கியிருக்கிறீர்கள். அது உங்கள் தப்பு இல்லை, என் தப்பு. இத்தனை வருஷம் கழித்து ஒப்புக்கொள்கிறேன்.

அப்படியானால் தனிமைக்குத் தராசு உண்டா? மறுநாள் காலை, 1994-ல் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்து இப்போது உளவியல் பேராசிரியராக இருக்கும் நம் பிள்ளை ஒருத்திக்குப் போன் போட்டேன். (பேர் போடக் கூடாது என்று சொல்லிவிட்டாள்.) நான் பொரிந்து தள்ளியதைக் கேட்டுச் சிரித்தாள். "டீச்சர், உங்க கோபத்துக்கு வயசு 50 ஆகப்போகுது" என்று சொல்லி, சில கட்டுரைகளை அனுப்பி, தினமும் சாயங்காலம் போனில் விளக்கினாள். அவள் சொல்லித்தந்ததை எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன்.

நான் ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்தது 1978. அதே 1978-ல் அமெரிக்காவில், லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ரஸ்ஸல், பெப்லா, ஃபெர்குசன் என்ற மூன்று பேர் தனிமையை அளக்க 20 வாக்கியங்கள் கொண்ட ஒரு தாளைத் தயாரித்தார்கள். ஒவ்வொரு வாக்கியமும் உங்களுக்கு எவ்வளவு அடிக்கடி பொருந்தும் என்று நான்கு படிகளில் ஒன்றைச் சொல்ல வேண்டும். இதைச் சொந்தப் புத்தியில் உட்கார்ந்து எழுதிவிடவில்லை. ஏற்கெனவே ஒருவர் திரட்டி வைத்திருந்த பெரிய வாக்கியக் குவியலிலிருந்து பொறுக்கி, மாணவர்களிடம் கொடுத்துப் பார்த்து, மற்ற வாக்கியங்களோடு சேர்ந்து ஒரே திசையில் நகராதவற்றைத் தள்ளி, 20-ஐ வைத்துக்கொண்டார்கள். நெல் புடைப்பது போலத்தான். தனிமைக்காக நடத்திய கலந்துரையாடலுக்குத் தாமாக முன்வந்து பேர் கொடுத்தவர்கள், மற்ற மாணவர்களைவிட அதில் அதிகம் வாங்குகிறார்களா என்றும் பார்த்தார்கள். வாங்கினார்கள். தராசு எடையைத்தான் காட்டுகிறது என்பதற்கு அது ஒரு சாட்சி.

ஆனால் அந்த முதல் தாளில் ஒரு கோளாறு. 20 வாக்கியங்களும் ஒரே பக்கம் பார்த்தன. எல்லாமே குறையைச் சொல்லும் வாக்கியங்கள். இதில் என்ன சிக்கல் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சரியா தவறா கேள்விக்கு மேலிருந்து கீழே வரை "சரி, சரி, சரி" என்று போட்டுவிட்டு ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்த மகாராசன்கள் உங்களிலேயே உண்டு. பெரியவர்களும் அப்படித்தான். 1980-ல் அதைத் திருத்தி, பாதி வாக்கியங்களை நல்ல பக்கமாக மாற்றினார்கள். தன்னைப் புரிந்துகொள்ள ஆள் இருக்கிறது, பேச ஆள் இருக்கிறது என்பது போல 10. குறைப் பக்கமாக 10. கண்ணை மூடிக்கொண்டு டிக் அடித்தால் இப்போது மாட்டிக்கொள்வார்கள். தாள் தனிமையைத்தான் அளக்கிறதா, வெறும் மனச்சோர்வை அளக்கிறதா, ஊருக்கு நல்லபிள்ளையாகக் காட்டிக்கொள்ளும் ஆசையை அளக்கிறதா என்றும் பிரித்துப் பார்த்தார்கள். அந்தக் கடைசி ஆசைதான் என்னிடம் காபி டம்ளரோடு உட்கார்ந்திருந்தது.

1996-ல் ரஸ்ஸல் மூன்றாவது தடவை அதை எளிமையாக்கினார். வயதானவர்களுக்குப் பழைய வாக்கியங்கள் குழப்பின என்பதால் மொழியைச் சுருக்கி நேரான கேள்வியாக்கினார். இந்த முறை மாணவர்கள், நர்சுகள், முதியவர்கள், இவர்களோடு யாரை வைத்துச் சோதித்தார் தெரியுமா? ஆசிரியர்களை. படித்ததும் எனக்கு ஒரு சந்தோஷம். நம்மையும் ஒரு மனுஷியாக மதித்து யாரோ கேட்டிருக்கிறார்களே! குறைந்தது 20, அதிகபட்சம் 80 மதிப்பெண். முதியவர்களிடம் ஒரு வருஷம் கழித்து மறுபடியும் கேட்டபோதும் இரண்டு தடவை வாங்கிய மதிப்பெண்களும் நன்றாகவே ஒத்துப்போயின. 20 கேள்விகளும் ஒன்றுக்கொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதற்கு ஆல்ஃபா என்று ஓர் எண் சொல்கிறார்கள். ஒன்றை நெருங்க நெருங்க நல்லது. 1978 தாளுக்கு 0.96 வந்தது. எனக்கு இதில் மட்டும் ஒரு சந்தேகம். ஒரே கேள்வியை 20 விதமாகச் சுற்றிச் சுற்றிக் கேட்டாலும் அந்த எண் உயர்ந்துவிடுமே? அவளிடம் கேட்டேன். "அது நியாயமான சந்தேகம் டீச்சர், பெரிய பெரிய ஆட்களும் அதைச் சொல்றாங்க" என்றாள். அன்றைக்கு ஒரு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

இதைவிட என்னைப் பிடித்துக்கொண்டது நெதர்லாந்துக்காரர்கள் செய்தது. 1985-ல் டி யோங் கீர்வெல்ட் என்ற அம்மையாரும் அவருடைய சகாவும் 11 கேள்விகளில் ஒரு தாள் உருவாக்கினார்கள். அதில் தனிமை என்ற சொல்லே கிடையாது. வேண்டுமென்றேதான் விட்டார்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் மனுஷர்கள் கதவைச் சாத்திக்கொள்வார்கள் என்று தெரிந்திருக்கிறது. தனிமையில் இரண்டு வகை உண்டு என்று வைஸ் என்ற அறிஞர் 1973-லேயே எழுதியதை வைத்து, இவர்கள் தாளும் இரண்டு பக்கமும் பார்க்கிறது. நெருக்கமான ஒருவர் இல்லாத வெறுமை ஒன்று, பழக ஒரு கூட்டம் இல்லாத குறை இன்னொன்று. எனக்கு இரண்டாவது குறை கிடையாது. தெருவே என்னைத் தெரிந்த தெரு. முதலாவதைப் பற்றி அந்தப் பிள்ளைகளின் தாள் கேட்கவே இல்லை.

நெதர்லாந்துத் தாளில் பதில் மூன்றுதான். ஆமாம், ஏதோ கொஞ்சம், இல்லை. இதில் மதிப்பெண் போடும் முறையைக் கேளுங்கள். குறையைச் சொல்லும் கேள்விக்கு "ஆமாம்" என்றாலும் ஒரு மதிப்பெண், "ஏதோ கொஞ்சம்" என்றாலும் அதே ஒரு மதிப்பெண். நல்லதைச் சொல்லும் கேள்விக்கு "இல்லை" என்றாலும் "ஏதோ" என்றாலும் தனிமைக் கணக்கில்தான் சேரும். அரை மதிப்பெண் கிடையாது. தயங்கிச் சொல்கிறவர் முழுசாகத்தான் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

இதைக் கேட்டதும் போனை வைத்துவிட்டு வெளித் திண்ணையில் வந்து உட்கார்ந்துவிட்டேன். எதிரே வருகிறவர்களிடம் "எப்படி இருக்கீங்க" என்று கேட்டால் நம் ஊரில் என்ன பதில் வரும்? "ஏதோ இருக்கேன்." "ஏதோ போகுது பொழுது." எங்கோ டச்சுக்காரர்கள் அந்த "ஏதோ"வுக்கு முழு மதிப்பெண் கொடுத்திருக்கிறார்கள். நாம் தினமும் அதைக் காதில் வாங்கிக்கொண்டு தாண்டிப் போகிறோம்.

சரி, இந்தத் தாள்களை அப்படியே தமிழில் பெயர்த்துக் கேட்டால் போதுமே என்று நினைப்பீர்கள். இங்கேதான் என் சண்டை.

20 கேள்வியைப் போனில் கேட்க முடியாது என்பதால் 2004-ல் அமெரிக்காவில் அதை மூன்றே கேள்வியாகச் சுருக்கினார்கள். தோழமை இல்லாதது போல, விடுபட்டது போல, மற்றவர்களிடமிருந்து பிரிந்து கிடப்பது போல எவ்வளவு அடிக்கடி தோன்றுகிறது என்று மூன்று. எப்போதாவது, சில நேரம், அடிக்கடி என்று பதில். மூன்றிலிருந்து ஒன்பது வரை மதிப்பெண். உலகம் முழுக்க இதைத்தான் அதிகம் பயன்படுத்துகிறார்கள். 2018-ல் தனிமைக்கென்று ஒரு மந்திரியையே நியமித்த பிரிட்டனில், அரசுப் புள்ளியியல் அலுவலகமும் இந்த மூன்றையும், கூடவே நேரடியாக ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேட்கச் சொல்லியிருக்கிறது.

நம் வீட்டுக்கு வந்த பிள்ளைகளின் தாளிலும் இந்த மூன்று இருந்தன, தமிழில். ஒரு நகல் விட்டுப் போயிருந்தார்கள். அதை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டு ஆச்சியிடம் போனேன். வயது 78. காது, கண், வாய் மூன்றும் கூர்மை.

"ஆச்சி, தோழமை இல்லாததாக எவ்வளவு அடிக்கடி உணருறீங்க?"

"தோழர்னா கட்சிக்காரங்கதான? நமக்கு எந்தக் கட்சியும் வேண்டாம் தாயி."

அடுத்து, "ஒதுக்கப்பட்டதாக உணருறீங்களா?" ஆச்சிக்குக் கோபம் வந்துவிட்டது. "என்னை யாரு ஊரைவிட்டு ஒதுக்கிவச்சா? நான் யாரு குடியைக் கெடுத்தேன்?" நம் ஊரில் ஒதுக்குவது என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். பஞ்சாயத்து, தண்ணீர், நெருப்பு என்று அதற்குப் பழைய வலி இருக்கிறது. கல்யாணத்துக்குக் கூப்பிட மறந்த வருத்தத்தை அந்தச் சொல்லில் ஏற்ற முடியாது.

மூன்றாவது, "தனிமைப்படுத்தப்பட்டதாக?" ஆச்சி சமாதானமாகி நிதானமாகச் சொன்னது: "கொரோனா சமயத்துல 14 நாள். தகரம் வச்சு அடைச்சாங்கல்ல, அப்பத்தான். அதுக்குப் பிறகு இல்ல."

சிரிப்பு வந்தது. வீட்டுக்கு வந்த பிறகு சிரிப்பு போய்விட்டது. மூன்று கேள்விக்கும் ஆச்சி வாங்கியது மூன்று, அதாவது தனிமையே இல்லை. ஆனால் அந்த ஆச்சி தினமும் சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில், வராத பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி வாசல்படியில் உட்கார்ந்திருப்பதை நான் பார்க்கிறேன்.

மொழிபெயர்ப்பைச் சரிபார்க்க ஒரு முறை உண்டாம். ஒருவர் தமிழில் பெயர்ப்பார். மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் தமிழிலிருந்து மறுபடி ஆங்கிலத்துக்குக் கொண்டுபோவார். இரண்டும் பொருந்தினால் சரி. நல்ல முறைதான். ஆனால் பாருங்கள், "தனிமைப்படுத்தப்பட்ட" என்பது திரும்பிப் போகும்போது அச்சுப் பிசகாமல் போய்விடும். பரீட்சையில் நூற்றுக்கு நூறு. ஆச்சி வீட்டு வாசலில் பூஜ்யம். அகராதி தெரிந்த இரண்டு பேருக்கு நடுவில் போய்வந்த வாக்கியத்தை, அகராதி பார்க்காத ஒருவரிடம் கொண்டுபோய், "இந்தக் கேள்வி உங்களுக்கு என்னன்னு புரியுது?" என்று கேட்காதவரை அது தமிழ்க் கேள்வி ஆகாது. அப்படி ஒவ்வொரு கேள்வியையும் கேட்டுப் பார்ப்பதும் முறைப்படியான வேலைதான் என்று நம் பேராசிரியப் பிள்ளை சொன்னாள். நேரம் ஆகும் என்பதால் பலர் விட்டுவிடுகிறார்களாம்.

நானும், என்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற கணக்கு சாரும் ஒரு விளையாட்டில் இறங்கினோம். நாமே கேள்வி எழுதிப் பார்த்தால் என்ன? இதை ஆராய்ச்சி என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒன்பது பேர், எல்லோரும் எங்கள் தெருவும் அடுத்த தெருவும். இரண்டு ரிட்டையர்ட் வாத்தியார்களின் பொழுதுபோக்கு, அவ்வளவுதான்.

முதலில் நான் பெருமையாக எழுதிய கேள்வி: "வீட்டில் நல்ல பலகாரம் செய்தால், இதை இன்னாருக்குக் கொடுக்கணும் என்று உடனே ஒரு முகம் நினைவுக்கு வருதா?" பெண்களிடம் பொன்னாக வேலை செய்தது. ஆண்களிடம் விழுந்தது. ஓய்வுபெற்ற ஒரு கண்டக்டர், "நான் வெந்நீர்கூட வச்சதில்ல டீச்சர்" என்றார். ஆக அது தனிமையை அளக்கவில்லை, அடுப்படியை அளந்தது. "நல்ல சேதி ஒண்ணு கேள்விப்பட்டா உடனே யார்கிட்டச் சொல்லத் தோணுது?" என்று மாற்றினோம். அதே கண்டக்டர் இதற்கு வாயைத் திறந்தார், மூடினார். "அவ இருந்தா அவகிட்ட" என்றார். பிறகு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டிவி பார்த்துக்கிட்டேதான் சாப்பிடுறீங்களா?" என்பது கணக்கு சாரின் கேள்வி. ஒன்பது பேரும் ஆமாம். எல்லோரும் சரியாக எழுதும் கேள்வி, ஒருவரையும் இன்னொருவரிடமிருந்து பிரித்துக் காட்டாது. அடித்துவிட்டோம். சாருக்கு வருத்தம்தான்.

"வீட்டு விசேஷத்துக்கு நாள் குறிக்கும்போது உங்களைக் கேட்டுக் குறிக்கிறாங்களா, குறிச்ச பிறகு சொல்றாங்களா?" இந்தக் கேள்வியைத்தான் நான் யாருக்கும் விட்டுத்தர மாட்டேன். ஆச்சியிடம் இதைக் கேட்டேன். "பத்திரிகை அடிச்ச பிறகு போட்டோ எடுத்துப் போன்ல அனுப்புனான் பேரன். கண்ணாடியைப் போட்டு எழுத்துக்கூட்டிப் படிச்சேன். நல்ல நாள்தான் பாத்திருக்காங்க" என்றார். ஒதுக்கப்பட்டதாக உணரவில்லை என்று போன வாரம் டிக் வாங்கிய அதே ஆச்சி.

15 நாள் கழித்து அதே ஒன்பது பேரிடம் மறுபடி போனோம். ஏழு பேருக்குப் பெரிய மாற்றம் இல்லை. ஒருவர் ஊரில் இல்லை. ஒரு அம்மாவுக்கு மட்டும் எல்லாம் தலைகீழ். விசாரித்தால், நடுவில் மகள் பிரசவத்துக்கு வந்துவிட்டாள். தராசு கெட்டுப்போயிற்றா, கத்தரிக்காய் மாறிவிட்டதா? எனவே "போன ஒரு மாசத்துல" என்று கேள்வியிலேயே காலத்தைச் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தோம். தீபாவளி வாரத்தில் போய்க் கேட்டால் அருப்புக்கோட்டையில் தனிமையே கிடையாது.

இன்னொரு வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆறு பேர் இருக்கும் வீடு. பெரியம்மாவிடம் கேட்டபோது மருமகள் அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நல்ல பிள்ளைதான், குறை சொல்லவில்லை. பெரியம்மா எல்லாக் கேள்விக்கும் "ஒரு குறையும் இல்ல" என்றார். மறுநாள் கோயில் பிரகாரத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "டீச்சரு, நேத்துக் கேட்டீகளே, அதை இங்க வச்சுக் கேளுங்க" என்றார். கேட்டேன். ஆறு பேர் வீட்டில் அவரிடம் பேசுவது பெரும்பாலும் மிக்சியை நிறுத்தவும் மோட்டாரைப் போடவும்தானாம். தனியாக இருப்பது வேறு, தனிமை வேறு. எந்தக் கேள்வித்தாளும் வீட்டில் எத்தனை தலை என்று எண்ணி இதைக் கண்டுபிடிக்க முடியாது. கேள்வி நன்றாக இருந்தாலும், யார் கேட்கிறார்கள், பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்பதையும் சேர்த்துத்தான் தாள் தயாரிக்க வேண்டும்.

உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் பாதிக்கப்பட்டிருக்கிறார் என்று 2025-ல் உலக சுகாதார நிறுவனம் அறிக்கை வெளியிட்டது. இப்படிப்பட்ட எண்ணெல்லாம் எங்கிருந்து வருகிறது? யாரோ ஒருவர் ஒரு வாசல்படியில் நின்று கேட்ட கேள்வியிலிருந்துதான். கேள்வி கோணினால் எண்ணும் கோணும். நம் பெரியவர்கள் எல்லோரும் என்னைப் போல "இல்லைம்மா" என்று சொல்லிவிட்டால், தமிழ்நாட்டில் இந்தப் பிரச்சினை இல்லை என்று எழுதிக்கொண்டு போய்விடுவார்கள்.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். மக்களைத் தேடி மருத்துவம் என்று 2021 முதல் நம் வீட்டு வாசலுக்கே பிரஷர் மாத்திரை, சுகர் மாத்திரை கொண்டுவருகிறார்கள். வருவது பெரும்பாலும் நம் பக்கத்துப் பெண்கள்தான், மகளிர் குழுவிலிருந்து வந்தவர்கள். எங்கள் தெருவுக்கு வரும் பிள்ளைக்கு யார் வீட்டில் என்ன மாத்திரை என்பது மனப்பாடம். வருஷத்துக்கு இரண்டு தடவை அவர்களே நான்கைந்து கேள்வி கேட்கட்டும். ஆனால் அந்தக் கேள்விகள் மதுரைப் பக்கம் ஒரு ஆச்சியிடமும், கொங்குப் பக்கம் ஒரு தாத்தாவிடமும், மீனவர் குப்பத்தில் ஒரு அம்மாவிடமும் புடைத்து எடுத்த தமிழ்க் கேள்விகளாக இருக்க வேண்டும். இறக்குமதி செய்து தமிழ் எழுத்தில் உடுத்தியவை வேண்டாம். நம் பல்கலைக்கழகங்களில் உளவியல் துறைகள் இருக்கின்றன. வேலையும் அப்படியொன்றும் புதிதல்ல, வழிமுறை 1978-லிருந்து எழுதி வைத்திருக்கிறது.

கணக்கு சார் ஒத்துக்கொள்ளவில்லை. "எண் கிடைச்ச பிறகு என்ன செய்வீங்க டீச்சர்? மாத்திரையா கொடுப்பீங்க?" என்றார். நியாயமான கேள்வி. கேட்டுவிட்டு ஒன்றும் செய்யாமல் போவது, கேட்காமல் போவதைவிட மோசம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு காலத்தில் எறும்பு மொய்ப்பதைப் பார்த்துத்தான் சர்க்கரை வியாதி என்று கண்டுபிடித்தார்கள். மீட்டர் வந்ததும் வியாதி குணமாகிவிடவில்லை. ஆனால் போன மாசத்துக்கு இந்த மாசம் தேவலையா என்று சொல்ல முடிகிறது. சாயங்காலம் கோயில் மண்டபத்தில் பத்துப் பேரைக் கூட்டி உட்காரவைத்தால் யாருக்காவது தேவலையாகிறதா, அல்லது நாமே நம் முதுகைத் தட்டிக்கொள்கிறோமா என்று தெரிய ஒரு மீட்டர் வேண்டாமா? இதற்கு சார் பதில் சொல்லவில்லை. வெற்றிலையை எடுத்தார். விவாதத்தில் அவர் தோற்றால் வெற்றிலை எடுப்பார் என்று ஸ்டாஃப் ரூமில் எல்லோருக்கும் தெரியும்.

என் மதிப்பெண்ணையும் சொல்லிவிடுகிறேன். 20 கேள்வித் தாளைப் பேராசிரியப் பிள்ளை தமிழில் அனுப்பியிருந்தாள். ஒரு நாள் காலை, கோயிலுக்குப் போய் வந்த கையோடு நிரப்பினேன். 33. பத்து நாள் கழித்து ராத்திரி எட்டரை மணிக்கு, கதவைத் தாழ்போட்டுவிட்டு, யாருக்கும் காட்டப்போவதில்லை என்று சொல்லிக்கொண்டு மறுபடி நிரப்பினேன். 48. அதைப் பஞ்சாங்கத்துக்குள் வைத்தேன். இப்போது ஊருக்கே காட்டுகிறேன்.

பெங்களூரில் இருக்கும் என் மகனும் கோவையில் இருக்கும் என் மகளும் இதைப் படிப்பார்கள். படித்த உடனே இரண்டு பேரும் பதறிப்போய்ப் போன் செய்ய வேண்டாம். நான் நன்றாகத்தான் இருக்கிறேன். (இந்த வாக்கியத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று இப்போது உங்களுக்கே தெரியும்.) உங்கள் மேல் வருத்தமும் கிடையாது. ஒரே ஒரு விஷயம். தினமும் ராத்திரி ஒன்பது மணிக்கு நீங்கள் என்னிடம் இரண்டு கேள்வி கேட்கிறீர்கள். "சாப்பிட்டாச்சாம்மா? மாத்திரை போட்டாச்சா?" நானும் இரண்டுக்கும் "ஆச்சு" என்கிறேன். மூன்று வருஷமாக அந்தப் பரீட்சையில் நான் நூற்றுக்கு நூறு. எல்லா நாளும் எல்லோரும் முழு மதிப்பெண் வாங்கும் வினாத்தாளை நாங்கள் என்ன செய்தோம் என்று மேலே படித்தீர்கள்தானே? கணக்கு சாரின் டிவி கேள்வியோடு அதையும் சேர்த்து அடித்துவிடுங்கள். அதற்குப் பதில், "இன்னைக்கு யார்கிட்டம்மா பேசுன?" என்று கேட்டுப் பாருங்கள். சில நாள் பெரிய கதையாக வரும், பொறுமையாகக் கேட்க வேண்டியிருக்கும். சில நாள் பால்காரர் பேர் மட்டும் வரும்.

மற்ற பிள்ளைகளுக்கு ஒரு வீட்டுப்பாடம். உங்கள் அம்மா, அப்பா, தாத்தா, ஆச்சி இந்த உணர்வை எந்தச் சொல்லால் சொல்கிறார்கள் என்று கவனித்துக் கமெண்டில் எழுதுங்கள். தனிமை என்ற சொல்லை யாரும் வாயால் சொல்வதில்லை என்பதை இந்த ஒரு மாதத்தில் கண்டுகொண்டேன். எனக்கு இதுவரை கிடைத்தவை: வீடு வெறிச்சுன்னு கெடக்கு. பொழுது நகர மாட்டேங்குது. ஆள் அரவமே இல்ல. மனசு எதுலயும் ஒட்டல. எங்கள் ஆச்சி சொன்னது, "சமைச்சா மிஞ்சுது." ஊர்ப் பேரையும் சேர்த்துப் போடுங்கள். நான் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு வருகிறேன். பேராசிரியப் பிள்ளை கேட்டிருக்கிறாள்.

எழுத்துப் பிழை இருந்தால் சுட்டிக்காட்டலாம். இந்தப் போனில் றகரம் போடுவதற்குள் கை வலித்துவிடுகிறது.